ஒலியும் தெளிகனவும் – ஒரு சிந்தனை

ஏழடிப்பட்டத்தில் எழுந்த வினா

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்கு நம் துறை மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். குடைவரை ஓவியங்களைக் கண்ட பின்னர்க் குன்றேறி ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தை அடைந்தோம். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் அடிவைத்து ஏற வேண்டியிருந்தமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. அங்கே சமணத் துறவியர்க்குரிய 17 கற்படுக்கைகள் உள்ளன. தலை வைக்கும் இடத்தைத் தலையணை போலச் சிறிது உயர்த்திச் செதுக்கியிருக்கின்றனர். அவற்றுள் பெரியதொரு படுக்கையில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்பெறும் தமிழிப் பொறிப்புக் காணப்படுகிறது.

மாலை நேரம். குகை முகப்பில் காற்று ஓய்வின்றி ஒரே சீராக இரைந்து கொண்டிருந்தது. ‘இந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே படுத்தால் உறக்கம் தானே வரும்’ என்றார் ஒரு மாணவர். மற்றொருவர் மட்டும் அருகில் வராமல் விலகி நின்றார். காரணம் கேட்டோம். அவர் ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது பள்ளிச் சிறுவர். ஓட்டு வீட்டின் கதவு காற்றில் பிய்ந்து போகாதபடி அவரும் அவருடைய தந்தையாரும் விடியும் வரை முதுகைக் கொடுத்துத் தாங்கி நின்றிருக்கின்றனர். விடிந்தபோது கூரையில் ஓடுகள் இல்லை. தோப்பில் தென்னைகள் இல்லை.

‘ஐயா, அந்த இரவே எனக்குக் கனவாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கதவைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். கை சோர்ந்து கதவு பிய்யும் வேளையில் அலறி விழிக்கிறேன். இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டால் நான் அந்தக் கதவை விட்டுவிடுவேன் அல்லவா?’ என்று அவர் கேட்டார்.

விடுதி நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். கைப்பேசியில் ஒரே சீரான இரைச்சலை ஒலிக்கவிட்டு, காதில் செவிப்பொறி அணிந்து, அசையாமல் மல்லாந்து படுத்தால் விழித்தபடியே கனவுக்குள் புகலாம் என்பது அவ்வழி. மூன்று வாரம் முயன்றிருக்கிறார். பின்னிரவு மூன்று மணி வரை உறக்கம் வரவில்லை. வகுப்பில் கண் சொருகியது. இரண்டு இரவுகளில் கண் திறந்திருந்தும் கை கால் அசையவில்லை. மார்பில் ஏதோ ஏறி அமர்ந்ததுபோல் இருந்தது. ‘பேய் அமுக்குகிறது’ என்று ஒருவரும், ‘ஜின்னின் வேலை’ என்று மற்றொருவரும் சொல்ல, உறங்கவே அஞ்சும் நிலைக்கு வந்துவிட்டார்.

அவ்விடத்தில் நம்மால் தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் நூல்களைப் பயின்றும், மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் தெளிந்தவற்றை மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் பயன்படும் என்னும் கருத்தால் இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

தெளிகனவு யாது?

கனவு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் ‘கனாத்திறம் உரைத்த காதை’ என்றே ஒரு காதை உண்டு. கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் கூறுகிறாள். திருக்குறளின் 122-ஆம் அதிகாரம் ‘கனவுநிலை உரைத்தல்’ என்பது. கனவில் கிட்டிய இன்பத்தை விழிப்பு வந்து பறித்துக்கொள்கிறதே என்று தலைவி வருந்துகிறாள். திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயம் ஒரு சிறுவரின் கனவில் தொடங்கி, மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொல்வதன் வழியே வளர்கிறது. இவை யாவற்றிலும் கண்டது கனவு என்பதைக் கண்டவர் விழித்த பின்னரே உணர்கின்றனர்.

கனவு நிகழ்ந்து கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்னும் உணர்வு உண்டாவது வேறொரு நிலை. அதனை ஈண்டுத் தெளிகனவு என்று குறிப்போம். டச்சு நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் 1913-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ‘லூசிட் ட்ரீம்’ என்னும் சொல்லை இந்நிலைக்கு வழங்கினார். அச்சொல்லே இன்றும் ஆய்வாளரிடையே நிலைத்துள்ளது.

இஃது உண்மையா, வெறுங்கற்பனையா என்னும் ஐயம் நெடுங்காலம் இருந்தது. 1953-இல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதைக் கண்டறிந்து வெளியிட்டனர். தெளிவான கனவுகள் மிகுதியும் இப்பகுதியில்தான் தோன்றுகின்றன. அப்பொழுது கை கால் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். கண் தசைகளோ இயங்கும். இதனைக் கருவியாகக் கொண்டே பின்னாளில் ஐயம் தீர்க்கப்பட்டது. ‘கனவில் கனவென உணர்ந்தவுடன் விழிகளை இடமும் வலமும் இத்தனை முறை அசைக்க வேண்டும்’ என்று உறங்குவோரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தனர். அவ்வாறே குறிப்புக் கிடைத்ததை 1975-இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் பதிவு செய்தார். அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியே செய்த ஆய்வு 1981-இல் வெளிவந்தது. 2021-இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர் கூடி, 36 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், தெளிகனவில் இருந்தவர்களிடம் எளிய கணக்குகளையும் ஆம்-இல்லை வினாக்களையும் கேட்டனர். 158 முறை கேட்டதில் 29 முறை உறங்கியவாறே சரியான விடை தந்தனர். ஆகவே தெளிகனவு உண்மை. உறங்குபவரின் செவி முழுதும் அடைபட்டுவிடுவதில்லை என்பதும் உண்மை.

இவ்விரண்டாம் உண்மையை நம் வீட்டுத் தாய்மார் எந்த ஆய்வுமின்றியே அறிவர். இடி முழக்கத்திலும் அயர்ந்து உறங்கும் தாய், தொட்டிலில் பிள்ளை முனகினால் விழித்துக்கொள்கிறாள்.

விழித்தபடியே புகுதலும் ஒலியின் பணியும்

தெளிகனவு இரு வழிகளில் வாய்க்கிறது. கனவின் நடுவே திடீரென உணர்வு தோன்றுதல் ஒன்று. விழிப்பு உணர்வை விடாமலே உறக்கத்தின் எல்லையைக் கடந்து கனவினுள் புகுதல் மற்றொன்று. சைவ சித்தாந்த நூலோர் நனவினுள்ளேயே கனவுநிலை உண்டென வகுத்துக் காட்டியிருக்கின்றனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டாம் வழியில்தான் சீரான பின்னணி ஒலி பயன்படும் என்கின்றனர்.

உறங்கப் போகும் வேளையில் மனம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது. எண்ணங்களைப் பற்றிக்கொண்டு விழித்திருக்கிறது. அல்லது எல்லாவற்றையும் நழுவவிட்டு உறங்கிவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்க, பற்றிக்கொள்வதற்கு ஒன்று வேண்டும். அது மனத்தைக் கிளறாததாகவும் இருத்தல் வேண்டும். பாட்டு என்றால் சொற்பொருள் இழுக்கும். பேச்சு என்றால் கருத்து இழுக்கும். மின்விசிறியின் சுழற்சி, மழையின் இரைச்சல், வானொலியில் நிலையம் பிடிபடாதபோது எழும் ஓசை போன்றவற்றில் இழுப்பதற்கு எதுவும் இல்லை. மேலும், நாய் குரைத்தல், வண்டியின் ஒலிப்பான் போன்ற திடீர் ஓசைகளை அவை மறைத்துவிடுகின்றன.

ஆனால் ஒரு தடை உண்டு. மாறாத ஒன்றை மனம் விரைவில் கவனியாமல் விட்டுவிடும். மின்விசிறி ஓடுவது அது நின்றபோதுதான் நமக்குத் தெரிகிறது. எனவே ஒலி இருந்தால் மட்டும் போதாது. நழுவும் கவனத்தை மீண்டும் மீண்டும் ஒலியிடம் மெல்லக் கொணரும் பழக்கம் வேண்டும். அப்பழக்கம் இல்லாதவர்க்கு அவ்வொலி நல்ல தாலாட்டு ஆகும். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். கனவு மிகும் உறக்கப்பகுதி படுத்தவுடன் வருவதன்று. ஏறத்தாழ 90 நிமிடங்கள் கழித்தே முதன்முறை வருகிறது. அதுவும் சிறிது நேரமே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க அது நீளும். ரமலானில் சஹர் உணவு முடித்துச் சற்றே கண்ணயர்வோரும், தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்து மீண்டும் படுப்போரும் கனவுகளை மிகத் தெளிவாகக் காண்பதன் காரணம் இதுவே. நம் ஊர்களில் நோன்பு இரவுகளில் பக்கீர்கள் தப்ஸ் ஒலித்துப் பாடி வருவதைக் கேட்டு வளர்ந்தவர்க்கு மற்றோர் அனுபவமும் இருக்கும். தெருக்கோடியில் எழும் தப்ஸ் ஒலி முதலில் கனவுக்குள் திருமண ஊர்வலமாக வரும். பிறகுதான் சஹர் வேளை என்பது விளங்கும். வெளியொலி கனவினுள் நுழையும் வாயில் விடியற்பொழுதில் அகலத் திறந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கே படுத்து, விழித்தபடி கனவுக்குள் புக முயன்ற நம் மாணவர் மூன்று வாரம் தோற்றதில் வியப்பில்லை.

முன்னோர் கண்ட முடிவு

ஒலியையும் சொல்லையும் கொண்டு கனவை அழைக்கும் முயற்சி பழமையானது. 1332-இல் தூனிஸ் நகரில் பிறந்த வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் இதனைக் குறிப்பிடுகிறார். உறங்கும் முன் குறித்த சில சொற்களை ஓதி, அறிய விரும்புவதை மனத்திற்கொண்டு படுத்தால் அது கனவில் தோன்றும் என ஒரு பழைய நூல் கூறுவதை எடுத்துக்காட்டி, தாமும் அவ்வாறு செய்து வியத்தகு கனவுகளைக் கண்டதாக எழுதுகிறார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. கனவை நாம் வேண்டியவாறு உண்டாக்கலாம் என்பதற்கு இது சான்றாகாது என்றும், அச்சொற்கள் உள்ளத்தில் ஓர் ஆயத்தத்தை மட்டுமே உண்டாக்குகின்றன என்றும் வரம்பு கட்டுகிறார். தாம் கண்டதை மறைக்காமலும், கண்டதற்கு மேல் கூறாமலும் எழுதிய அந்த நேர்மை ஆய்வு மாணவர் ஒவ்வொருவர்க்கும் பாடமாகும்.

ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1867-இல், பிரெஞ்சு நாட்டுச் சீனமொழி அறிஞர் எர்வே த சென் தெனி கனவுகளை நெறிப்படுத்துவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நடன விருந்துகளில் குறிப்பிட்ட இரு பெண்மணியருடன் ஆடும்போதெல்லாம் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி இசையை வாசிக்கச் செய்தார். பின்னர் அவ்விசையை எழுப்பும் பெட்டியைக் கடிகாரத்தோடு இணைத்து, தாம் உறங்கும்போது ஒலிக்குமாறு அமைத்தார். எந்த இசை ஒலித்ததோ அதற்குரியவர் கனவில் தோன்றினார் என்று எழுதுகிறார்.

2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பங்கேற்றோர்க்கு உறங்குமுன் ஓர் ஒலியைக் கேட்பித்து, ‘இதனைக் கேட்கும்போதெல்லாம் நான் காண்பது கனவா நனவா என்று ஆராய்வேன்’ எனப் பயிற்றினர். காலை உறக்கத்தில் கனவுப்பகுதி வந்தபோது அவ்வொலியை மென்மையாக எழுப்பினர். அவ்வாறு ஒலி கேட்டவர்களில் பாதிப்பேர் தெளிகனவு கண்டு விழியசைவால் உணர்த்தினர்.

நம் மாணவரின் துயரத்திற்கு மிக அண்மையானது 2022-இல் ஜெனீவா ஆய்வாளர் வெளியிட்டது. தீக்கனவால் வருந்திய 36 பேரைத் தேர்ந்து, அக்கனவின் முடிவைப் பகலில் நன்முறையில் மாற்றி எழுதி நாள்தோறும் மனத்தில் ஒத்திகை பார்க்கச் செய்தனர். இஃது ஏற்கெனவே வழக்கிலுள்ள மருத்துவமுறை. அவர்களுள் பாதிப்பேர் தம் புதிய முடிவை எண்ணும்போது பியானோவின் ஒரு கூட்டொலியைக் கேட்டனர். இரு வாரம் அவர்களது கனவுறக்கத்தில் அதே ஒலியைப் பத்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஒலிக்கச் செய்தனர். இரு பிரிவினர்க்கும் தீக்கனவு குறைந்தது. ஒலி கேட்டவர்க்கு மேலும் குறைந்தது. மூன்று மாதம் கழித்தும் அப்பயன் நீடித்தது.

இந்நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். எவ்விடத்தும் ஒலி தன் ஆற்றலால் கனவை ஆளவில்லை. விழித்திருக்கையில் மனிதர் அவ்வொலியோடு சேர்த்துவைத்த பொருளே உறக்கத்தில் திரும்பி வந்தது. இப்னு கல்தூன் கூறிய ‘ஆயத்தம்’ இதுவேயாகும். கஜா புயலின் காற்றும் நம் மாணவர்க்கு இதையேதான் செய்தது. அச்சம் என்னும் பொருளை ஓர் இரவில் அவ்வொலியோடு பிணைத்துவிட்டது. ஏழடிப்பட்டத்துக் காற்று ஒருவர்க்குத் தாலாட்டாகவும் மற்றொருவர்க்குப் பேரச்சமாகவும் இருந்தது. காற்று ஒன்றே, சேர்ந்த பொருள் வேறு.

சுருதியின் பாடம்

இதனை நம் இசைமரபு நன்கு அறியும். இம்மாவட்டத்துக் குடுமியான்மலையில், பல்லவ கிரந்த எழுத்தில் சுரக்கோவைகளைப் பொறித்த புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பண்களுக்குரிய சுர வரிசைகளை மாணவர் பயன்கருதிப் பாறையில் செதுக்கியுள்ளனர். கல்லில் எழுதும் அளவுக்கு ஒலியை ஒழுங்குபடுத்திப் பயின்ற மண் இது.

இன்றைய இசையரங்கில் தம்பூரா தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சுருதியை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. கேட்போர் அதனைத் தனியே கவனிப்பதில்லை. பாடுவோரோ அதனை ஒருகணமும் விடுவதில்லை. கற்பனை எவ்வளவு தொலைவு சென்றாலும் திரும்பி வந்து சேர்வதற்கு அது நிலைக்களன். ஆனால் தம்பூரா ஒலிப்பதனாலேயே ஒருவர் பாடகர் ஆகிவிடுவதில்லை. பல்லாண்டு பயின்ற செவிக்கே சுருதி துணை செய்யும். தெளிகனவு நாடுவோர்க்குப் பின்னணி ஒலியும் அத்தகையதே.

தாலாட்டும் இதற்குச் சான்று. பொருள் அறியாத குழந்தைக்கு அதன் சீர்மையும், அதனோடு சேர்ந்த தாயின் அணைப்புமே உறக்கம் தருகின்றன. திக்ரு மஜ்லிஸிலும் ஒரே சீரான ஓசை உண்டு எனச் சிலர் ஒப்பிடக்கூடும். அங்கே நோக்கம் இறைநினைவு. வழிபாட்டைக் கனவு காண்பதற்குரிய உத்தியாக்குதல் பொருந்தாது என்பது நம் கருத்து.

விலைபேசப்படும் ஒலிகள்

இன்று கைப்பேசியில் ‘இதனைக் கேட்டால் இன்றிரவே தெளிகனவு’ என்று உறுதி கூறும் ஒலிப்பதிவுகள் மலிந்துள்ளன. அவற்றுட் பல இருசெவி அதிர்வை அடிப்படையாகக் கொண்டவை. ஒரு காதில் விநாடிக்கு 200 அதிர்வுள்ள ஒலியையும் மறுகாதில் 206 அதிர்வுள்ள ஒலியையும் கேட்பித்தால், விநாடிக்கு ஆறுமுறை ஏறி இறங்கும் அதிர்வு ஒன்று கேட்பதுபோல் தோன்றும். அது வெளியில் இல்லை. இரு செவிச்செய்திகளையும் மூளை சேர்க்கும்போது உண்டாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் டோவே கண்டறிந்த உண்மை இது. உண்மையே எனினும், இவ்வதிர்வு தெளிகனவைத் தரும் என்பதற்கு உறுதியான சான்று இதுகாறும் நிலைநாட்டப்படவில்லை. காசு கொடுத்து வாங்கும் ஒலிக்கும் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியின் ஒலிக்கும் இவ்வகையில் பெரிய வேறுபாடு இருப்பதாக நாம் கருதவில்லை.

இவ்விளம்பரங்களால் வரும் கேடு பொருளிழப்பு மட்டுமன்று. ‘ஒலியே செய்யும்’ என்று நம்பிய மாணவர், அது செய்யாதபோது ஒலியைக் கூட்டுகிறார்; நேரத்தைக் கூட்டுகிறார்; உறக்கத்தை இழக்கிறார். இளைஞர்க்கு நாளொன்றுக்கு ஏழு முதல் ஒன்பது மணிநேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதும் உறக்கத்தில்தான். உறக்கத்தை விற்றுக் கனவை வாங்குவது ஊதியம் அன்று.

அமுக்குவான் பற்றி

நம் மாணவர் அஞ்சிய ‘அமுக்குதல்’ பற்றியும் சொல்லுதல் வேண்டும். கனவுறக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும் என்றோம். கனவில் ஓடும்போது உண்மையில் எழுந்து ஓடிவிடாதபடி உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அத்தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், மனம் விழித்திருக்கும், உடல் அசையாது. கனவுக் காட்சியின் எச்சமும் உடன் நிற்கும். எனவே யாரோ மார்பில் அமர்ந்ததுபோல் தோன்றும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானே நீங்கும். உறக்கம் குறைந்தவர்க்கும் மல்லாந்து படுப்போர்க்கும் இது மிகுதி. விழித்தபடி கனவுக்குள் புக முயல்வோர் இந்த எல்லையிலேயே நிற்க முனைவதால் அவர்கட்கும் நேர்வதுண்டு.

இதனை இளைஞர் ஒருவர் வந்து கூறும்போது பெரியோர் நகைத்தலும் ஆகாது, அச்சுறுத்தலும் ஆகாது. முதலில் அவர் சொல்வதை முழுதும் கேட்டல் வேண்டும். ஓதிப் பார்ப்பது ஒருவர்க்கு மன அமைதி தருமாயின் அதனை நாம் மறுக்கவில்லை. அதனோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுதல் கடமை. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. தீக்கனவு மனநோயன்று என்று தள்ளிவிடுவோரும், மனநல மருத்துவரிடம் செல்வதே இழுக்கு என்போரும் நம்மிடையே உள்ளனர். புயலில் கூரை இழந்தவர்க்கு நிவாரணம் கேட்டுப் போராடினோம். புயலில் உறக்கம் இழந்தவர்களை எத்தனைபேர் விசாரித்தோம்?

நாம் கூற விழைவன

வேடிக்கைக்காகத் தெளிகனவை நாடுவோர், நிறைவான உறக்கத்திற்குப் பின்னரே அதனை நாடுக. தேர்வுக் காலத்தில் அறவே தவிர்க்க. செவிப்பொறி அணிந்து உறங்க வேண்டா. ஒலி தலைமாட்டிலிருந்து விலகி, அருகில் படுத்திருப்பவரை எழுப்பாத அளவில் இருத்தல் போதும். ஒலியைத் தேடுவதில் நாளைப் போக்காமல், ஓர் எளிய ஒலியைத் தேர்ந்து, பகலிலேயே அமைதியாக அமர்ந்து அதனைக் கேட்டுக் கவனத்தை நிலைநிறுத்திப் பழகுக. ‘இவ்வொலியைக் கேட்கையில் நனவா கனவா என்று ஆராய்வேன்’ என்னும் எண்ணத்தை அதனோடு சேர்த்திடுக. இல்லாத குரல் கேட்டல், நனவையும் கனவையும் பிரித்தறிய இயலாமை முதலிய இடர் உடையவர் இம்முயற்சியில் இறங்காமல் மருத்துவரை நாடுக.

தீக்கனவால் வருந்துவோர்க்கு இது வேடிக்கையன்று, மருந்து போன்றது. மருந்தாதலின் தானே அருந்தாமல் வல்லாரிடம் கேட்டுக் கொள்ளுதல் முறை.

நம் மாணவரைத் தக்க மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவிப்பொறியைக் கைவிட்டார்; முதலில் உறக்கம் சீரடைந்தது. பின்னர் மருத்துவர் கூறியவாறு கனவின் முடிவை மாற்றி எழுதினார். ‘கதவை விட்டுவிடுகிறேன், காற்று வீட்டுக்குள் வந்து போகிறது, நானும் அத்தாவும் வெளியே நடக்கிறோம்’ என்று எழுதிக் காட்டினார். அதனோடு சேர்ப்பதற்கு ஓர் ஒலியை அவரே தேர்ந்துகொண்டார். தம் வயலில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஓடித் தொட்டியில் நீர் விழும் ஓசை அது. அதனைக் கைப்பேசியில் பதிந்து, நாள்தோறும் மாலையில் கேட்டவாறு புதிய முடிவை எண்ணிப் பழகினார். விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது வைகறையில் எழுந்து, அதனை மெல்ல ஒலிக்கவிட்டு மீண்டும் படுத்தார்.

கனவு அறவே நின்றுவிட்டதென்று சொல்வதற்கில்லை. குறைந்திருக்கிறது. ஒருநாள் வந்து சொன்னார்: ‘ஐயா, நேற்றும் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றேன். காற்று பலமாக அடித்தது. இடையிலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புயலில்தான் மின்கம்பம் எல்லாம் சாய்ந்துவிட்டதே, மோட்டார் எப்படி ஓடும் என்று நினைத்தேன். உடனே இது கனவு என்று தெரிந்துவிட்டது.’

‘கதவை விட்டீர்களா, தம்பி?’ என்று கேட்டோம்.

‘விட்டுவிட்டேன், ஐயா. அதற்குள் விழிப்பு வந்துவிட்டது. ஆனால் அலறவில்லை’ என்றார்.

ஒலியால் ஆகக்கூடியது இவ்வளவே. இதனைச் செய்தது ஒலி மட்டுமன்று; பல நாள் மாலையில் அமர்ந்து அவர் செய்துகொண்ட ஆயத்தம். இவ்வாயத்தத்திற்கு வேண்டிய அமைதியையும், கேட்டு ஆற்றும் செவியையும், தக்க மருத்துவத்தையும் நம் இல்லங்களும் விடுதிகளும் இளைஞர்க்கு வழங்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.